எழுத்துத் திரையில் மின்னஞ்சல்: மட் செயலியின் அமைப்பும் பழுதறிதலும்

சுட்டியின் துணையின்றி விசைத் தட்டல்களாலேயே இயங்கும் மின்னஞ்சல் செயலிகள் வழக்கொழிந்துவிட்டதாகப் பலர் கருதினாலும், நிரலாளர்களிடமும் சேவையக நிர்வாகிகளிடமும் அவை இன்றும் புழங்குகின்றன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989இல் உருவாகத் தொடங்கிய பைன் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. 1995இல் மைக்கேல் எல்கின்ஸ் எழுதிய மட் இன்றளவும் மேம்படுத்தப்பட்டு வருகிறது. லினக்ஸ் கருநிரலில் திருத்தம் செய்வோர் அதை வெற்று எழுத்து மின்னஞ்சலாகவே அனுப்பிவருவதும், வரிகளைத் தானாக மடிக்கும் செயலி அத்திருத்தத்தைக் கெடுத்துவிடும் என்பதும் இத்தகைய செயலிகள் நிலைத்திருப்பதற்கு ஒரு காரணம்.

மட்டில் அமைப்புகளுக்கென்று தனிச் சாளரம் எதுவும் இல்லை. பயனரின் முகப்பு அடைவில், பெயரின் முன் புள்ளி இருப்பதால் வழக்கமான பட்டியலில் தென்படாத ‘மட்ஆர்சி’ என்ற எழுத்துக் கோப்பில்தான் எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டும். அஞ்சலைப் படிப்பதற்கான ஐமேப், அனுப்புவதற்கான எஸ்எம்டிபி ஆகிய இரண்டும் வெவ்வேறு நெறிமுறைகள் என்பதால், இரண்டுக்கும் முகவரி, போர்ட் எண், கடவுச்சொல் ஆகியவற்றைத் தனித்தனியே தர நேர்கிறது. புதியவருக்கு இது வீண் சுமையாகத் தோன்றலாம்; ஆனால் அஞ்சல் வருகிறது, போகவில்லை என்ற நிலையில் பாதிக் கோப்பைப் பார்க்காமலே ஒதுக்கிவிட முடிவது இந்தப் பிரிவினையால்தான்.

அனுப்பும் பக்கத்தில் அடிக்கடி நேரும் பிழை ஒற்றை எழுத்தில் ஒளிந்திருக்கிறது. 465ஆம் போர்ட்டில் இணைப்பு முதல் கணத்திலிருந்தே மறையாக்கம் பெற்றிருக்கும். 587இல் உரையாடல் வெளிப்படையாகத் தொடங்கி, இரு தரப்பும் ஒப்புக்கொண்டபின் மறையாக்கத்துக்கு மாறும். முகவரியின் தொடக்கத்தில் ‘எஸ்எம்டிபிஎஸ்’ என எழுதினால் முதல் முறையும், இறுதி ‘எஸ்’ இல்லாமல் எழுதினால் இரண்டாம் முறையும் பின்பற்றப்படும். ‘எஸ்’ சேர்த்துவிட்டு 587ஐக் குறிப்பிட்டால், வெளிப்படையான வரவேற்பு வரியை மறையாக்கத் தரவாகப் படிக்க முயன்று, டிஎல்எஸ் பிழை என்று மட் முறையிடும். மாற்றி எழுதினாலோ செயலி சேவையகத்தின் வரவேற்புக்கும் சேவையகம் செயலியின் கைகுலுக்கலுக்கும் காத்திருக்க, பிழைச்செய்தி ஏதுமின்றித் திரை உறைந்து நிற்கும்.

இணைப்பு சரியாக இருந்தும் உள்நுழைவு மறுக்கப்பட்டால், கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பயனில்லை. கூகுள் நிறுவனம் தன் ஜிமெயில் சேவையில், கணக்கின் வழக்கமான கடவுச்சொல்லைப் பிற செயலிகள் பயன்படுத்துவதை 2022 மே மாத இறுதியில் தனிநபர் கணக்குகளுக்கு நிறுத்திவிட்டது. இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, செயலிக்கென்றே வழங்கப்படும் 16 எழுத்துக் கடவுச்சொல்லைப் பெறுவது எளிய வழி. அதை மறையாக்கம் செய்யாமல் கோப்பில் எழுதிவைப்போர், உரிமையாளர் தவிர வேறெவரும் படிக்க முடியாதபடி கோப்பின் அனுமதியையேனும் 600 என மாற்றிக்கொள்வது நல்லது.

காரணம் பிடிபடாதபோது, ‘டி’ என்ற தெரிவுடன் 2 என்ற நிலையைச் சேர்த்து மட்டை இயக்கினால், சேவையகத்துடன் நடந்த உரையாடல் முகப்பு அடைவில் பதிவாகும். முகவரியைக் கண்டறிதல், இணைதல், மறையாக்கம், உள்நுழைவு, கோப்புறையைத் திறத்தல் என்ற வரிசையில் எந்தப் படியில் பேச்சு அறுந்தது என்பதை அங்கே காணலாம். அப்பதிவில் அந்தரங்க விவரங்களும் இருக்கக்கூடும் என்பதால், பிறரிடம் காட்டுமுன் ஒருமுறை படித்து நீக்க வேண்டியவற்றை நீக்கிவிட வேண்டும்.

தமிழ் அஞ்சல்களில் வேறொரு சிக்கல் எழுவதுண்டு. யூடிஎஃப்-8 முறையில் ‘த’ என்ற எழுத்து மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. கணினியின் வட்டார அமைப்பு யூடிஎஃப்-8 அல்லாததாக இருந்தால், அவ்விடத்தில் கேள்விக்குறியோ சாய்கோட்டுடன் கூடிய எண்களோ தோன்றும். பலர் உடனே மட்ஆர்சியில் எழுத்துக் குறிமுறையைத் திணிக்க முற்படுகின்றனர். திருத்த வேண்டியது வட்டார அமைப்பைத்தான். எழுத்துகள் தெரிந்தும் ‘கொ’ போன்றவற்றில் கொம்பும் காலும் இடம் பிசகி நின்றால், குறை பெரும்பாலும் முனையத்தினுடையது; அஞ்சலைக் கோப்பாகச் சேமித்து வேறொரு திருத்தியில் திறந்து பார்த்தால் இது உறுதியாகும். ஒருங்குறிக்கு முந்தைய டிஸ்கி குறிமுறையில் எழுதப்பட்ட பழைய அஞ்சல்கள் மட்டும் குழப்பமாகத் தெரிந்தால், கண்ட்ரோல் விசையுடன் ‘ஈ’ விசையை அழுத்தி அந்த அஞ்சலின் குறிமுறையை டிஸ்கி என மாற்றிப் பார்க்கலாம். லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள குனூ சி நூலகம் அக்குறிமுறையை அறியும்.