வீடில்லாத முகவரி

வீட்டு வைஃபையில் புதிதாக ஒரு பிரிண்டரை இணைக்கிறீர்கள். கைபேசியில் அச்சிடும் பொத்தானைத் தொட்டதும் பிரிண்டரின் பெயர் திரையில் வந்து நிற்கிறது. அது இருக்கும் இடத்தைக் கைபேசிக்கு யாரும் சொல்லவில்லையே, எப்படிக் கண்டுபிடித்தது? 224.0.0.251 என்ற முகவரிக்கு ஒரு கேள்வி அனுப்பியது: “இங்கே அச்சிடுகிறவர் யாராவது உண்டா?” பிரிண்டர் பதில் சொன்னது. வியப்பு என்னவென்றால், அந்த முகவரி பிரிண்டருடையது இல்லை. உலகில் எந்தக் கருவிக்கும் அது சொந்தமில்லை.

இணையத்தில் தகவல் சிறு சிறு துண்டுகளாகப் போகிறது. பாக்கெட் என்பார்கள், நாம் பொதி என்போம். ஒவ்வொரு பொதியின் தலையிலும் அது சேரவேண்டிய ஐபி முகவரி இருக்கும். கடிதத்தில் எழுதும் கதவு எண்ணைப் போல, வழக்கமாக அது ஒரே ஒரு கருவியைக் குறிக்கும். ஆனால் 224 முதல் 239 வரையிலான எண்களில் தொடங்கும் முகவரிகள் குழுக்களின் பெயர்கள். இந்த முறைக்கு மல்டிகாஸ்ட் என்று பெயர்; தமிழில் குழுப்பரப்பு எனலாம். 32 பிட் முகவரியில் முதல் நான்கு பிட்டுகள் 1110 என்றிருந்தால் போதும், இது குழு என்று ரவுட்டர் புரிந்துகொள்ளும். மீதமுள்ள 28 பிட்டுகளில் 26,84,35,456 குழுக்களுக்கு இடமிருக்கிறது.

எதற்கு இத்தனை ஏற்பாடு? ஆயிரம் வீடுகள் உள்ள குடியிருப்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே கிரிக்கெட் ஆட்டத்தைப் பார்க்கிறார்கள் என்று வையுங்கள். ஒரு வீட்டுக்கு நொடிக்கு 5 மெகாபிட். தனித்தனியாக அனுப்பினால் குடியிருப்புக்கு வரும் கம்பியில் 5,000 மெகாபிட் ஓட வேண்டும். குழுப்பரப்பில் அதே கம்பியில் வெறும் 5 மெகாபிட். பாதை பிரியும் இடத்தில்தான் ரவுட்டர் பொதியைப் படியெடுக்கிறது.

இதற்கு உருவம் கொடுத்தவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் டீரிங். 1989 ஆகஸ்டில் வந்த ஆர்எஃப்சி 1112 என்ற அவருடைய ஆவணம்தான் அடிப்படை. அவருடைய திட்டத்தில் என்னை மிகவும் கவர்வது ஒன்று உண்டு: உறுப்பினர் பட்டியல் எங்கேயும் கிடையாது. அனுப்புகிறவருக்குக் கேட்பவர் யார், எத்தனை பேர் என்று தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. வானொலியைப் போல வேண்டியவர் வந்து சேர்ந்துகொள்ளலாம். வானொலி அலை கேட்பார் இல்லாத காட்டிலும் பரவும். இதுவோ கேட்பவர் இருக்கும் திசையில் மட்டுமே பாயும்.

பட்டியல் இல்லாமல் திசை எப்படித் தெரியும்? ரவுட்டர் தன் தெருவில் அவ்வப்போது குரல் கொடுக்கிறது. வழக்கமான இடைவெளி 125 நொடி. “எந்தக் குழுவுக்காவது ஆள் இருக்கிறீர்களா?” எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் கூச்சலாகிவிடும். ஆகவே ஒவ்வொன்றும் பத்து நொடிக்குள் ஏதோ ஒரு நேரத்தைத் தேர்ந்து காத்திருக்கிறது. இந்தக் கேள்வி-பதில் நெறிமுறையின் முதல் இரண்டு பதிப்புகளில் இன்னொரு நயமும் உண்டு. காத்திருக்கும்போது அதே குழுவுக்காக வேறொரு கருவி பதில் சொல்லிவிட்டால், இது வாயைத் திறக்காது. ரவுட்டருக்கு வேண்டியது தலைக்கணக்கு இல்லை. ஒருவராவது இருக்கிறாரா என்பது மட்டுமே.

பொதிகள் வட்டமடித்துப் பெருகிவிடாமல் தடுப்பதற்கும் ஒரு யுக்தி இருக்கிறது. சாதாரணப் பொதி வந்தால் ரவுட்டர் ‘இது எங்கே போக வேண்டும்?’ என்று பார்க்கும். குழுப்பொதி வந்தால் ‘இது எங்கிருந்து கிளம்பியது?’ என்று பார்க்கிறது. கிளம்பிய இடத்துக்கு நான் ஒரு கடிதம் அனுப்பினால் எந்த வாசல் வழியாக அனுப்புவேன்? அதே வாசலில் வந்த பொதிக்கு அனுமதி. வேறு வாசலில் வந்ததைத் தூக்கி எறி. யோகன் தலாலும் ராபர்ட் மெட்காஃபும் 1978-இல் விவரித்த யோசனை இது.

கடைசி கட்டத்தில் ஒரு சிறு குறை. ஈதர்நெட் கம்பியில் ஐபி முகவரி போதாது. கருவிகளின் 48 பிட் வன்பொருள் முகவரியும் வேண்டும். 28 பிட் குழு எண்ணில் 23 பிட்டுகளை மட்டுமே அதில் பொருத்த முடிகிறது. எஞ்சிய ஐந்து பிட்டுகள் தொலைவதால் 32 குழுக்கள் ஒரே வன்பொருள் முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. இதற்குப் பணமே காரணம் என்று வலைப்பின்னல் பொறியாளர்கள் ஒரு கதை சொல்வார்கள். டீரிங் 16 முகவரித் தொகுதிகள் கேட்டாராம். ஒன்றின் விலை ஆயிரம் டாலர். இணைய எண்களை நிர்வகித்த ஜான் பாஸ்டல் ஒன்றே ஒன்றை வாங்கி, அதிலும் பாதியைத்தான் இவருக்குக் கொடுத்தாராம். இன்றைக்கும் பொறியாளர்கள் அந்த முகவரி மோதலைக் கணக்கில் வைத்தே குழு எண்களைத் தேர்கிறார்கள்.

1994 நவம்பர் 18 அன்று டல்லாஸில் நடந்த ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரியின் ஒரு பகுதி இம்முறையில் இணையத்தில் ஒலிபரப்பானது. அப்போதிருந்த உற்சாகத்துக்கு உலகமே குழுப்பரப்புக்கு மாறிவிடும் என்று தோன்றியிருக்கும். அப்படி நடக்கவில்லை. நாடுவிட்டு நாடு பாயும் பொதுஇணையத்தில் நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று குழுப்பொதிகளைக் கடத்துவது அரிது. நாமும் படங்களை அவரவர் நேரத்தில்தான் பார்க்கிறோம். ஆனால் ஒரே நிர்வாகத்தின் கீழுள்ள வலைகளில் அது செழிக்கிறது: கம்பிவழித் தொலைக்காட்சிச் சேவைகளில், ஒரே விலையை எல்லாத் தரகர்களுக்கும் ஒரே கணத்தில் சொல்லவேண்டிய பங்குச் சந்தைகளில்.

ஐபி-யின் ஆறாம் பதிப்பு ஒருபடி மேலே போனது. பழைய பதிப்பில் பக்கத்துக் கருவியைத் தேட, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும். புதியதில் அந்தக் கத்தலே நீக்கப்பட்டுவிட்டது. மாறாக, ஒவ்வொரு கருவியும் தன் 128 பிட் முகவரியின் கடைசி 24 பிட்டுகளைக் கொண்டு ஒரு குழுவை அமைத்து அதில் தானே உறுப்பினராகிறது. அதைத் தேடுகிறவர் அந்தக் குழுவைத்தான் கூப்பிடுவார். அப்படி 1,67,77,216 குழுக்கள் சாத்தியம் என்பதால், பெரும்பாலும் கூப்பிடப்பட்டவரைத் தவிர வேறு எவரும் தலைநிமிர்ந்து பார்க்கவேண்டியதில்லை.

உங்கள் கைபேசி இப்போது வைஃபையில் இருந்தால் அது 224.0.0.1 என்ற குழுவிலும் இருக்கிறது. அந்த வலையில் குழுப்பரப்பு அறிந்த எல்லாக் கருவிகளுக்குமான குழு அது. அதில் சேர விண்ணப்பம் வேண்டாம். வலையில் இருக்கும்வரை விலகவும் முடியாது.