அச்சாணியும் முட்டுக்கட்டையும்

உருவச் சிறுமை பற்றி ஒருவரை இகழலாகாது என்பதை வலியுறுத்த வந்த திருவள்ளுவர், பெருந்தேரின் ஓட்டத்துக்குத் துணையாய் நிற்கும் சிறிய ஆணியை உவமையாகக் கொண்டார். அதனால் அச்சாணிக்குத் தமிழுலகிலே அழியாத பெருமை உண்டாயிற்று. ஒரு சங்கத்தையோ பாடசாலையையோ தாங்கி நிற்கும் ஒருவரை 'அச்சாணி போன்றவர்' என்று மேடைதோறும் பாராட்டுகின்றோம். அதே தேரின் சில்லுக்கு அருகே கிடந்து, அதன் பாரத்தோடு பொருது உழைக்கும் மற்றொரு மரத்துண்டும் உண்டு. அதன் பெயர் முட்டுக்கட்டை. அதற்கு வாய்த்தது புகழன்று, வசையே. நற்காரியத்தைக் கெடுப்பவனைக் கண்டால் 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்கின்றோம். பத்திரிகைத் தலையங்கம் முதல் பாடசாலைப் பெற்றார் கூட்டம் வரை இவ்வழக்குப் பயில்கின்றது. ஒன்றை ஏற்றியும் மற்றொன்றைத் தூற்றியும் பேசுவது முறையாகுமா என்பதை ஆராய்ந்து பார்க்க விரும்புகின்றேன்.

சொல்லும் பொருளும்

'முட்டு' என்னும் சொல் தமிழில் பல பொருள் தருவது. மோதுதல் ஒரு பொருள். குறைவு ஒரு பொருள். தடை ஒரு பொருள். தாங்குதல் ஒரு பொருள். முட்டுப்பாடு என்னுமிடத்து வறுமையையும், 'சாயும் சுவருக்கு முட்டுக் கொடுத்தான்' என்னுமிடத்துத் தாங்குதலையும் அஃது உணர்த்தும். ஆகவே தடுத்தல், தாங்குதல் என்னும் இரு தொழிலும் முட்டுக்கட்டை என்னும் சொல்லுள் அடங்கிக் கிடக்கின்றன. நாமோ தடுத்தலை மட்டும் கைக்கொண்டு தாங்குதலை மறந்துவிட்டோம்.

இதனோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க சொல் 'அடை' என்பது. ஆடுகின்ற பானைக்கும், கால் குறைந்த மேசைக்கும் அடை கொடுத்தல் வீட்டு வழக்கு. இனி, தாழ்ந்து நிற்கும் சில்லை உயர்த்துதற்கு அதன் அடியில் இடுவதை அடைகட்டை என்றும், சில்லு உருளாவண்ணம் முன்னும் பின்னும் இடுவதை முட்டுக்கட்டை என்றும் பிரித்து வழங்குவேன். இரண்டும் ஒரே மரத்தில் அறுக்கப்படினும் தொழிலால் வேறானவை. ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் ஒப்படைப்பவன் இடருக்கு உள்ளாவான்.

வழிச்செல்லும் வீடு

சங்க காலத்து உமணர், உப்பேற்றிய வண்டிகளோடு நெடுவழி சென்ற வணிகர். பெரும்பாணாற்றுப்படை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் அவர்தம் வண்டியை உறுப்பு உறுப்பாக எடுத்துக் காட்டுகின்றார். கோழி தங்கும் கூடும், தொங்கவிட்ட சிற்றுரலும், கயிற்றாற் பிணித்த காடிக் கலமும் அதிலே உண்டு. கைக்குழந்தையுடைய பெண்ணொருத்தி எருதுகளை ஓட்டுகின்றாள். பண்டம் ஏற்றும் வண்டியே அக்குடும்பத்துக்கு வீடுமாயிற்று. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழ வந்தவிடத்து, மேட்டிலும் பள்ளத்திலும் என்ன நேருமோ என்று எண்ணி உமணர் வண்டியின் கீழே கட்டிவைக்கும் சேம அச்சை உவமையாக்கினார். வண்டியோடு செல்பவனுக்கு முன்யோசனையே முதற் கருவி என்பதை இவ்வுவமை நன்கு காட்டுகின்றது.

மேனாட்டாரும் வீட்டை இழுத்துச் செல்லும் விருப்பம் உடையவர். கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் கப்பற்படை மருத்துவர் 1885ஆம் ஆண்டில், இன்பப் பயணத்துக்கென்றே ஒரு வீட்டு வண்டி செய்வித்து, இரு குதிரைகள் பூட்டிப் பிரித்தானியாவில் உலாவினார். பின்னர்க் குதிரையின் இடத்தை மோட்டார் வாகனம் பெற்றது. அவ்வாறு இழுத்துச் செல்லப்படும் வீட்டையே இன்று 'கரவன்' என்று வழங்குகின்றனர்.

எங்கள் மட்டக்களப்புப் பகுதியில் மாட்டு வண்டியை வண்டில் என்றும், போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்த கரத்தை என்றும் கூறுவர். ஓட்டமாவடியைச் சூழ்ந்த வட்டைகளிலிருந்து நெல் மூட்டைகளை ஊருக்குக் கொண்டுவந்தவை முற்காலத்தில் அவ்வண்டில்களே. இப்பொழுது அவ்வேலையை உழவு இயந்திரமும் அதன் பின்னே பூட்டிய பெட்டியும் செய்கின்றன. வண்டில், உழவு இயந்திரப் பெட்டி, சிறிய கரவன் ஆகிய மூன்றுக்கும் பெரும்பாலும் இலக்கணம் ஒன்றே: நடுவே ஓர் அச்சு, இருபுறமும் இரு சில்லுகள், முன்னே நீண்ட ஒரு தண்டு. இழுக்கும் எருதோ இயந்திரமோ தண்டை விட்டு நீங்கியவுடன் அது தானே நிற்க வல்லதன்று. முன்னே கவிழும், பாரம் பின்புறம் மிகுந்திருப்பின் பின்னே மல்லாரும், நிலம் சரிந்திருப்பின் உருளும்.

மட்டம் ஏன் வேண்டும்?

வண்டிலில் மூட்டை சரியாதிருக்கவும், அச்சின் ஒரு முனையில் மட்டும் பாரம் விழாதிருக்கவும் மட்டம் வேண்டும். கரவனுக்கு வேறு காரணங்களும் உள. தலைப்பக்கம் தாழ்ந்த படுக்கையில் நித்திரை வராது. கதவு தானே திறந்துகொள்ளும். அடுப்பிலுள்ள எண்ணெய் ஒருபக்கமாய் ஓடும். இவற்றினும் நுட்பமான ஒன்று அதனுள்ளே இருக்கும் குளிரூட்டி. பல கரவன்களில் எரிவாயுச் சுடரால் இயங்கும் குளிரூட்டியே வைக்கப்படும். சுவீடன் நாட்டில் பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்னும் மாணவர் இருவர் 1922இல் கண்ட முறை அது. அதனுள்ளே நீரேற்றும் பொறி எதுவும் இல்லை. அமோனியாவும் நீரும் சுடரின் வெப்பத்தால் மேலெழுந்து, தம் நிறையாலேயே கீழிறங்கிச் சுழல்கின்றன. வண்டி மிகச் சரிந்து நின்றால் நீர்மம் குழாயில் ஓரிடத்தே தேங்கும். சுடுமிடத்தில் வெப்பம் மிகும். நாளடைவில் குளிரூட்டி கெடும். நெருப்பினால் குளிர் பிறப்பிக்கும் இவ்வதிசயப் பெட்டியின் நலம், சில்லின் கீழ்க் கிடக்கும் ஒரு பலகைத் துண்டைச் சார்ந்திருக்கின்றது.

கட்டை தெரிதல்

கையில் அகப்பட்டதையெல்லாம் கட்டை எனக் கொள்ளலாகாது. செங்கல் பாரத்தில் நொறுங்கும். உள்ளே பொள்ளலான சீமெந்துக் கல், சுவரிலே பரவிய பாரத்தைத் தாங்குமேயன்றி ஓரிடத்துக் குவிந்த பாரத்தைத் தாங்காது. முன்னறிவிப்பின்றி வெடித்துச் சிதறும். உருண்டைக் கல், தான் தடுக்க வேண்டிய சில்லோடு தானும் உருளும். தெங்கும் பனையும் புறத்தே வயிரமும் அகத்தே மென்மையும் உடையவை. ஆதலின் அவற்றின் நடுப்பகுதி ஆகாது. முதிரை, பாலை முதலிய வன்மரங்களின் துண்டுகள் தச்சுப் பட்டறையில் கிடைப்பின் அவையே தலைசிறந்தவை. வெடிப்பில்லாத வேம்பும் தாழ்வில்லை. மேனாட்டுக் கடைகளில் இதற்கென்றே சாய்தளமாக வார்த்த பிளாஸ்டிக் கட்டைகள் விற்கின்றனர். அவை பாரம் குறைந்தவை, நீரில் ஊறாதவை, எனினும் இவ்வளவு நிறைதான் தாங்கும் என்று அவற்றுக்கு ஓர் எல்லை குறிக்கப்பட்டிருக்கும். அதைப் பார்த்தே வாங்கல் வேண்டும்.

அடைகட்டையின் அகலம் சில்லின் அகலத்தினும் மிகுந்திருத்தல் வேண்டும். சில்லின் ஓரம் கட்டைக்கு வெளியே தொங்கினால் டயர் பழுதாகும். எங்கள் கரையோர மணலிலும், மாரிகாலத்துச் சேற்றிலும் அகலத்தின் அருமை நன்கு விளங்கும். ஒரு சில்லின்மீது 1,100 இறாத்தல் பாரம் இருப்பதாகவும், டயரின் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 45 இறாத்தல் எனவும் கொள்வோம். அந்தச் சில்லு நிலத்தைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 25 சதுர அங்குலமே. அதன் கீழ் 18 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உள்ள தடித்த பலகையை இட்டால் பாரம் 216 சதுர அங்குலத்திற் பரவும். நிலத்தின் மீதுள்ள அழுத்தம் எட்டில் ஒரு பங்குக்கும் குறைந்துவிடும். பாரத்தைப் பகிர்ந்துகொண்டால் எவரும் அமிழார் என்பதற்கு இதனினும் தெளிந்த கணக்கு வேண்டுவதில்லை.

எவ்வளவு உயர்த்துவது என்பதற்கும் எளிய கணக்கு உண்டு. இரு சில்லுகளுக்கும் இடைத்தூரம் 57 அங்குலமாயின், ஒருபுறம் ஓர் அங்குலம் உயர்த்துவது ஏறத்தாழ 1 பாகைச் சரிவைத் தீர்க்கும். மேசன்மார் கையாளும் நீர்மட்டத்தை அச்சுக்கு இணையாகத் தரையில் வைத்துப் பார்த்தால் எப்பக்கம் தாழ்ந்தது என்பது புலனாகும். பலகைகளை அடுக்க நேரின் அகன்றது கீழும் குறுகியது மேலுமாக அடுக்குக. சில்லு ஏறும் முனையைச் சரிவாகச் சீவிவிடுக.

கட்டை இடும் முறை

இங்கே வரிசை பிறழலாகாது. முதலில் இடமும் வலமும் மட்டம் பார்க்க. இழுக்கும் எருதோ இயந்திரமோ பூட்டியிருக்கும்பொழுதே தாழ்ந்த சில்லை மெல்ல அடைகட்டையின்மீது ஏற்றுக. அடுத்து, இரு சில்லுகளுக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை இட்டு இறுக்குக. மேட்டிலே நிற்கும் சில்லு இறங்கத் துடிப்பது. அதற்கு முட்டு இன்றியமையாதது. அதன் பின்னரே தண்டைக் கழற்றுக. இறுதியாகத் தண்டை உயர்த்தியோ தாழ்த்தியோ முன்பின் மட்டத்தைச் சரிசெய்க. கரவனின் நான்கு மூலைகளிலும் இறக்கப்படும் கால்கள் ஆட்டத்தை நிறுத்துதற்கு உரியவை. வண்டியைத் தூக்குதற்கு உரியவையல்ல. கட்டைகளை நம்பி வண்டியின் அடியிற் புகுவதும், சிறுவரை அதன் நிழலில் விளையாட விடுவதும் உயிரோடு விளையாடுவதே. முதலில் கழற்றிவிட்டுப் பிறகு கட்டை தேடுபவனுக்கு வண்டி காத்திருப்பதில்லை.

தேரடியிலே இக்கலை மிக உயர்ந்த நிலையை அடைந்தது. பெருந்தேருக்குத் திசை திருப்பும் கருவி கிடையாது. வடம் பிடிப்போர் முன்னே இழுப்பரேயன்றி வளைக்க இயலாது. சில்லுக்கு முன்னே உரிய இடத்தில், உரிய கோணத்தில் முட்டுக்கட்டையை வீசி இட்டுத் தேரைத் திருப்புவோர் அதற்கென்றே பழகிய தொழிலாளர். திருவாரூர் ஆழித்தேருக்குப் பிற்காலத்தில் இரும்புச் சில்லும் நீரழுத்தத் தடையும் பொருத்தப்பட்ட பின்னரும் முட்டுக்கட்டை நீங்கவில்லை. தேரை நிலைக்குக் கொண்டு சேர்ப்பது அதுவே. கணந்தோறும் தம் கையையும் காலையும் பணயம் வைக்கும் அத்தொழிலாளர் முன்னே நின்று 'முட்டுக்கட்டை' என்பதை வசையாகச் சொல்ல நமக்கு நாக்கு எழுமா?

வசை வந்த வழி

அங்ஙனமாயின் இவ்வசை எங்கிருந்து வந்தது? எங்கள் தெருவே அதற்கு விடை கூறுகின்றது. ஓட்டமாவடி வழியாகப் பொலன்னறுவைக்கும் திருகோணமலைக்கும் இரவும் பகலும் லொறிகள் செல்கின்றன. ஒரு லொறி பழுதுற்று நின்றால் உதவியாளர் இறங்கி, தெருவோரத்துப் பெருங்கல் இரண்டைத் தூக்கிச் சில்லுக்கு அடியில் வைக்கின்றார். அது நற்செயலே. பழுது தீர்ந்தவுடன் லொறி புறப்பட்டுவிடுகின்றது. கல் தெருவிலேயே கிடக்கின்றது. பொழுது சாய்கின்றது.

என்னிடம் தமிழ் பயின்ற இளைஞர் ஒருவர், வேலை முடிந்து இரவில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் அத்தகைய கல்லொன்றில் மோதி வீழ்ந்தார். உயிர் தப்பியது, வலக்கால் பழையபடி மடங்குவதில்லை. கல்லை வைத்தவர் யாரென்று எவரும் அறியார். அவருக்கும் தாம் செய்தது என்னவென்று தெரிந்திராது. அவர் தம் வண்டியைக் காத்தார். பின்னே வருபவரை எண்ணவில்லை.

இந்த இடத்திலேதான் அடை தடையாகின்றது. கடமை முடிந்த பின்னும் அகற்றப்படாமற் கிடக்கும் கட்டையே பிறர் வழியில் முட்டுக்கட்டை. ஆகவே வசைக்குரியது கட்டையன்று. அதை இட்டு, எடாமற் போன கையே. கட்டை இடும் விதிகளில் இறுதியானதும் முதன்மையானதும் இதுவே: இட்டவன் எடுத்துச் செல்க. அதற்கு எளிய வழிகளும் உள. ஒவ்வொரு கட்டையிலும் துளையிட்டுக் கயிறு கோத்து, கயிற்றின் மறுமுனையை வண்டியோடு பிணித்து வைக்கலாம். இரவிலே துலங்க வெள்ளைச் சாயம் பூசலாம். எண்ணிட்டு, புறப்படுமுன் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். கல்லைத் தேடி அலையாமல் சொந்தக் கட்டை இரண்டு வைத்திருப்பவனுக்கு அதை விட்டுச் செல்ல மனம் வராது. சேம அச்சைக் கட்டிச் சென்ற உமணரின் மரபு அது.

ஆசிரியர்கள் திருக்குறளில் அச்சாணியைப் பற்றிப் பாடம் சொல்லும் நாளில், முட்டுக்கட்டையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்வார்களாக. அம்மாணவருள் சிலர் நாளை லொறி ஓட்டுவர்; சிலர் உதவியாளராய் இருப்பர்; பலர் இரவிலே அத்தெருவால் வீடு திரும்புவர். மழைக்காலத்து ஓரிரவில், புறப்படுமுன் ஒருவர் இறங்கிச் சென்று சில்லின் கீழ்க்கிடந்த கல்லை எடுத்துத் தெருவோரத்தில் வைப்பாராயின், நாம் கற்பித்த தமிழ் பயன்பட்டது என்று மகிழலாம்.