நினைவைக் காக்கும் ஓவியங்கள்



1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் காலை 8.15 மணிக்கு, ஜப்பானின் ஹிரோஷிமா நகரின்மீது அமெரிக்க வானூர்தி ஒன்று அணுகுண்டை வீசியது. அதே மாதம் 9ஆம் நாள் நாகசாக்கி நகரும் அவ்வாறே அழிந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் ஏறத்தாழ 140,000 பேரும், நாகசாக்கியில் ஏறத்தாழ 70,000 பேரும் மாண்டனர்.

இத்துணைப் பெரிய கொடுமையைப் பின்வந்தோர் எவ்வாறு அறிந்துகொண்டனர்? நிழற்படங்கள் இருக்குமே என்று நாம் எண்ணக்கூடும். ஆனால், யோஷித்தோ மட்சுஷிகே என்னும் நாளிதழ்ப் படப்பிடிப்பாளர் அன்று ஹிரோஷிமா நகரில் எடுத்தவை ஐந்தே படங்கள். கருவி கையில் இருந்தும், கண்ட துயரம் அவர் விரலைத் தடுத்துவிட்டது. நிழற்படம் பதிவு செய்யாததைப் பதிவு செய்யும் பொறுப்பு ஓவியத்தைச் சேர்ந்தது.

அப்பொறுப்பை ஏற்றவர்களுள் தலையாயவர்கள் இரி மருக்கி, தோஷி மருக்கி என்னும் ஓவியத் தம்பதியர். கணவரின் சொந்த ஊர் ஹிரோஷிமா. குண்டு விழுந்த சில நாள்களில் இருவரும் அங்குச் சென்று, அழிவைக் கண்ணாரக் கண்டனர். 1950ஆம் ஆண்டில் தங்கள் முதல் ஓவியத்தை மக்கள்முன் வைத்தனர். 1982 வரை, 32 ஆண்டுகளில், பதினைந்து பெரும் ஓவியங்களைப் படைத்தனர். ஏறத்தாழ ஆறடி உயரமும் இருபத்து நான்கு அடி நீளமும் கொண்ட அவ்வோவியங்கள் ஊர் ஊராகக் கொண்டு செல்லப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றுக்கென 1967இல் சைத்தாமா மாநிலத்தில் ஓர் ஓவியக்கூடமும் எழுந்தது.

ஓவியம் தீட்டக் கற்றோர் மட்டுமே நினைவைக் காக்க வல்லவர் என்பதில்லை. 1974ஆம் ஆண்டில் முதியவர் ஒருவர், தாம் அன்று கண்ட காட்சியைத் தாமே வரைந்து, ஹிரோஷிமாவிலுள்ள ஒளிபரப்பு நிலையத்திற்கு எடுத்துச் சென்றார். அதனைக் கண்டு நெகிழ்ந்த நிலையத்தார், “நீங்கள் கண்டதை வரைந்து அனுப்புங்கள்” என்று பொதுமக்களை வேண்டினர். இரண்டாண்டுகளுக்குள் 2,000க்கும் மேற்பட்ட ஓவியங்கள் வந்து குவிந்தன. பள்ளிப் பருவத்திற்குப் பின் வண்ணக்கோலைத் தொட்டறியாதவர் பலர் அவற்றை வரைந்தனர். கோடுகள் கோணலாக இருந்தாலும், அவை சொன்ன உண்மை நேரானது. இன்று அவை ஹிரோஷிமா அமைதி நினைவு அரும்பொருளகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

காகிதத்தைப் பாதுகாக்கலாம், கண்டவர்களை என்றென்றும் வைத்திருக்க இயலுமா? அணுகுண்டிலிருந்து உயிர் பிழைத்தோரின் சராசரி வயது இன்று எண்பத்தைந்தைக் கடந்துவிட்டது. இந்நிலையில் 2007ஆம் ஆண்டு முதல், ஹிரோஷிமாவின் மொத்தோமாச்சி உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் ஓர் அரும்பணி ஆற்றி வருகின்றனர். மாணவர் ஒருவர் முதியவர் ஒருவரோடு பலமுறை அமர்ந்து, அவர் கண்டதைக் கேட்டு வரைகிறார். முதியவர் பார்த்து, வானம் இந்நிறமன்று, நெருப்பு இவ்வாறன்று என்று திருத்துகிறார். மாணவர் மீண்டும் வரைகிறார். பல மாதங்கள் கழித்து ஓவியம் நிறைவு பெறும்போது, அம்முதியவரின் நினைவு அவ்விளைஞரின் நெஞ்சிலும் குடிபுகுந்துவிடுகிறது. ஒரு தலைமுறை மற்றொரு தலைமுறைக்கு நினைவை ஒப்படைப்பது இவ்வாறுதான்.

இங்கே பெற்றோர் சிலர் ஒரு கேள்வி எழுப்பக்கூடும். “ஜப்பானியர் ஆட்சியில் நம் முன்னோர் பட்டது கொஞ்சமா? அவர்களுக்காக நாம் ஏன் வருந்த வேண்டும்?” என்பதே அது. நியாயமான கேள்விதான். 1942, 1943ஆம் ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் சயாம் மரண இரயில் பாதை அமைக்கக் கொண்டு செல்லப்பட்டனர். பலர் திரும்பவே இல்லை. இதனை நாம் மறக்கலாகாது.

இக்கேள்விக்கு மருக்கி தம்பதியரின் தூரிகையே விடை தருகின்றது. அவர்கள் தம் மக்களின் துயரை மட்டும் தீட்டி நின்றுவிடவில்லை. குண்டில் சிக்கிய அமெரிக்கப் போர்க்கைதிகளைத் தீட்டினர். இறந்த பின்னும் ஒதுக்கப்பட்ட கொரியத் தொழிலாளர்களைத் தீட்டினர். 1975ஆம் ஆண்டில், தம் நாட்டுப் படை சீனாவின் நான்ஜிங் நகரில் புரிந்த படுகொலையையும் தீட்டினர். தன் புண்ணைக் காட்டுவது எளிது. தன் தரப்பு செய்த குற்றத்தையும் காட்டுவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

மேலும், அக்குண்டு நாடு பார்த்துக் கொல்லவில்லை. அப்போது மலாயாவிலிருந்து ஹிரோஷிமாவுக்குப் படிக்கச் சென்றிருந்த நிக் யூசோஃப், சையத் ஓமார் என்னும் இரு மாணவர்களும் அதற்குப் பலியாயினர். அப்துல் ரசாக் என்பவர் உயிர் தப்பித் தாயகம் திரும்பி, பிற்காலத்தில் ஜப்பானிய மொழி கற்பிக்கும் ஆசிரியராக விளங்கினார்.

மாணவர்களே! மரண இரயில் பாதைக்குச் சென்று மீண்டவர்கள் இன்று ஏறத்தாழ மறைந்துவிட்டனர். அவர்கள் சொன்னவற்றைக் கேட்டு வளர்ந்த தாத்தா பாட்டிமார் இன்னும் நம்மிடையே உள்ளனர். வரும் விடுமுறையில் அவர்கள் அருகில் அமருங்கள். கேட்டதை வரையுங்கள், வரைந்ததை அவர்களிடமே காட்டித் திருத்தம் கேளுங்கள். பெற்றோர்களே, “சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?” என்று தடுத்துவிடாதீர்கள். கேட்கப்படாத கதை, சொல்லக்கூடியவரோடு மண்ணுக்குள் போய்விடும். அதனை நம் பிள்ளைகள் ஒரு தாளில் பதித்து வைப்பார்களாயின், அதுவே நம் முன்னோர்க்கு நாம் செய்யும் நன்றிக்கடனாகும்.