வண்டியில டயர்க் கறுப்பு: சுரண்டாம எடுக்கிற வழி

பொத்துவில்ல இருந்து பேசுறேன்.

கமராவைக் கொஞ்சம் கிட்டக் கொண்டு வாறேன், பாருங்க. வெள்ளை அல்டோ, பின் கதவு. கைபிடிக்குக் கீழ ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பா ஒரு இழுவை. சந்தைக்கிட்ட நெருக்கத்துக்குள்ள ஒரு மோட்டார் சைக்கிள்ட முன்சில்லு உரசிட்டுப் போயிருக்கு. வண்டிக்காரக் காக்கா, "பெயின்ட் போயிட்டு, டிங்கரிங்குக்குத்தான் குடுக்கணும்" என்டு நொந்து போய் நிக்கிறார். பெயின்ட் போகல்ல. அதைத்தான் இண்டைக்குக் காட்டப் போறேன்.

முதல் வேலை விரல் நகம். கோட்டுக்குக் குறுக்கால நகத்தை மெதுவா இழுங்க. நகம் பள்ளத்துல விழுந்து தடக்குப்பட்டா அது கீறல், அதுக்கு வேற வேலை இருக்கு. நகம் வழுக்கிக்கொண்டு போனா, இல்லாட்டி மேல மெல்லிசா ஏதோ படிஞ்சிருக்கிற மாதிரிப் பட்டா, அது பெயின்ட்டுக்கு மேல ஒட்டின ரப்பர். கரும்பலகையில எழுதினா சோக்குக்கட்டிதான் தேயும், பலகை தேயாது. இங்கயும் அப்படித்தான். உரசின சூட்டுல டயர் இளகி, அதுட ஒரு படை கதவுல தங்கிட்டு.

ரப்பர்ப் பால் வெள்ளை, இது ஏன் இப்படிக் கறுப்பு? அந்தப் பாலை டயராக்கும்போது, தேயாம இருக்கக் கரித்தூள் சேர்க்கிறாங்க, டயர் எடையில கிட்டத்தட்டக் கால்வாசி. கதவுல பார்க்கிற கறுப்பு அதுதான். அதோட கந்தகம் சேர்த்துச் சூடாக்குறாங்க. சார்ல்ஸ் குட்இயர் 1839ல கண்டுபிடிச்ச முறை இது. கந்தகம் ரப்பர் இழைகளை ஒண்டோட ஒண்டு முடிச்சுப் போடும். முடிச்சு விழுந்த ரப்பர் எண்ணெயில கரையாது, எண்ணெயைக் குடிச்சு ஊதும். ஊதினாப் பிடி விட்டுப் போகும்.

இது விளங்கினாப் பாதி வேலை முடிஞ்சுது. கறையை நாம கரைக்கப் போறதில்ல, ஊற வெச்சு இளக்கப் போறோம். ஊறுறதுக்கு நேரம் வேணும், கைப்பலம் தேவையில்ல.

இனி வேலைக்கு வருவோம். வண்டியை நிழல்ல விடுங்க. தகடு கையால தொட்டாக் குளிரா இருக்கணும். சுபஹுக்குப் பிறகு, இல்லாட்டி அஸருக்குப் பிறகு நல்ல நேரம். நல்லாத் தண்ணி ஊத்தி மணலைக் கழுவுங்க. இதை லேசா நினைக்க வேணாம். நம்ம ஊர்ல கடற்காத்து வந்தா மணலும் சேர்ந்து வரும். மணல் என்டா பெரும்பாலும் குவார்ட்ஸ், பெயின்ட்டை விடக் கடினம். மணல் இருக்கிற கதவைத் துணியால துடைச்சா, டயர் கீறாததை நீங்க கீறிப் போடுவீங்க. பிறகு கார் ஷம்பு போட்டுக் கழுவுங்க. உடுப்புக் கழுவுற பவுடர் வேணாம், அதுல கரையாத குருணை கிடக்கும்.

காய்ஞ்சதும் ஒரு மெதுவான துணி எடுங்க. மைக்ரோபைபர் இருந்தா நல்லம், இல்லாட்டி பழைய பருத்திப் பெனியன், தையல் இல்லாத பக்கம். அதுல மண்ணெண்ணெய், ஒரு தேக்கரண்டி போதும். 2022 ஓகஸ்ட்ல லீற்றர் 87 ரூபாய்ல இருந்து 340 ரூபாய்க்கு ஏறினப்போ நம்ம தோணிக்காரங்க பட்ட பாடு தெரியும்தானே, ஒரு சொட்டும் வீணாக்க வேணாம். நனைச்ச துணியைக் கறுப்புக்கு மேல வெச்சுப் பிடிங்க. தேய்க்காதீங்க. ஒரு நிமிஷம் அப்படியே பிடிச்சிருங்க.

இப்ப பாருங்க. துணியை எடுத்ததும் ஓரம் மங்கிப் போயிருக்கு, நடுவுல கறுப்புத் திரி திரியா எழும்பி நிக்குது. கோடு போன திசையிலயே ஒருக்கா இழுக்கிறேன். துணியில வந்திட்டு. துணியை மடிச்சு அடுத்த சுத்தமான பக்கத்தால திரும்பவும். அழுக்குப் பக்கத்தாலயே துடைச்சாக் கரியைத்தான் கதவெல்லாம் பூசுவீங்க. இரண்டு மூண்டு தரம் வெச்செடுத்தாப் பெரும்பாலும் போயிடும். முடிஞ்சதும் ஷம்பு போட்டு நல்லாக் கழுவுங்க, மண்ணெண்ணெய்ப் பசை நிண்டாத் தூசி வந்து ஒட்டும். கதவு ஓர ரப்பர் பீடிங்குல எண்ணெய் படாமப் பாருங்க, அதுவும் ஊதும். வேலை முடியும்வரைக்கும் பக்கத்துல சிகரட் கூடாது.

இன்னும் ஒரு நிழல் மாதிரி நிண்டா, நுண்ணிய பொலிஷ் கொஞ்சம் எடுத்துக் கையால மெதுவாப் போடுங்க. அதோட நிப்பாட்டுங்க.

நிப்பாட்டுங்க என்டு ஏன் சொல்றேன்? பெரும்பாலும் கம்பெனிப் பெயின்ட்டுக்கு மேல நிறமில்லாத ஒரு படை இருக்கும், கிளியர் கோட். பொதுவா அதுட தடிப்பு 40, 50 மைக்ரோன், ஒரு மில்லிமீற்றரை இருபதாப் பிரிச்சா ஒரு பங்கு. வெயிலைத் தாங்குறது அதுதான். பாத்திரம் தேய்க்கிற பச்சைத் துணி, வோட்டர் பேப்பர், கட்டிங் கொம்பவுண்ட் எல்லாம் அந்தப் படையில இருந்துதான் வெட்டும். வெட்டினது திரும்ப வராது.

தின்னர் அதை விட மோசம். பழைய வண்டியை லோக்கல்ல லெக்கர் பெயின்ட் அடிச்சிருந்தா, தின்னர் பட்ட இடத்துல நிறமே கழண்டு துணிக்கு வரும். பெற்றோலும் வேணாம், ஒரு பொறி போதும் கையும் வண்டியும் எரிய. மண்ணெண்ணெய் என்டாலும், ரிப்பெயின்ட் வண்டியில முதல்ல கதவைத் திறந்து உள்பக்க ஓரத்துல ஒரு சொட்டு வெச்சுப் பாருங்க.

தனியார் வாகன இறக்குமதியை 2020 மார்ச்ல நிப்பாட்டி, 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்தாங்க. அந்த அஞ்சு வருஷத்துல ஒரு பழைய அல்டோவும் குடும்பத்துட சொத்தாகிட்டு. காணியைப் பார்க்கிற மாதிரி வண்டியையும் பார்க்கிற ஆக்களுக்காகத்தான் இவ்வளவு விபரமாப் பேசுறேன்.

வேற அழுக்குகளைச் சுருக்கமாச் சொல்றேன். மொனராகலைப் பக்கத்தால ஏ4 வீதியில வந்தா மட்கார்ட்டுக்குக் கீழ தார்ப் புள்ளி இருக்கும். அதுக்கும் இதே மண்ணெண்ணெய், இதே ஊறல். தார் முழுசாவே கரையும். அறுகம்பைக்கு ஆள் ஏத்துற ஓட்டோ, வேன்காரங்களுக்கு இன்னொரு தொல்லை, சேர்ஃப் பலகை மெழுகு. சீசன்ல வெயில்ல இளகிக் கூரையில வடியும். அதைக் காய்ஞ்ச துணியால இழுத்தா மெழுகுக்குள்ள இருக்கிற மணலும் சேர்ந்து இழுபடும். கொஞ்சம் வெயில்ல விட்டு இளகினதும் பிளாஸ்ரிக் அட்டையால வழிச்செடுங்க, பிறகு நிழல்ல வெச்சு மண்ணெண்ணெய். உப்புக்கு மருந்து தண்ணிதான். கடற்கரைப் பக்கம் போய் வந்தாக் கழுவுங்க. உங்கட கிணறு உவர் என்டா, கழுவின கையோட துடைச்சுக் காய வைங்க, துடைக்காமக் காயவிட்டா வெள்ளைப் புள்ளி விழும்.

ஒரு கறைக்கு மட்டும் நான் நம்பிக்கை குடுக்க மாட்டேன். டயரை வெள்ளைப் பெயின்ட்டுல மாதக்கணக்காச் சாய்ச்சு வெச்சா, அந்த இடம் கபில நிறமாகும். டயர்ல வெடிப்பு விழாம இருக்கச் சேர்க்கிற இரசாயனம் மெல்ல மெல்லப் பெயின்ட்டுக்குள்ள இறங்கிடும். அது மேல ஒட்டின கறை இல்ல, மண்ணெண்ணெய் கேட்காது. பொலிஷ் கொஞ்சம் மங்க வைக்கும், பல நேரம் அதுவும் இல்ல. பழைய டயரை வண்டியோட சாய்ச்சு வைக்கிற பழக்கத்தை இண்டைக்கே விடுங்க.

கடைசியா ஒரு வேண்டுகோள். மண்ணெண்ணெய்த் துணியை, கழுவின எண்ணெய்த் தண்ணியைக் களப்புக்குப் போற கானுல விடாதீங்க. பொத்துவில் களப்புல கண்டல் இருக்கு, அதுக்குள்ளதான் இறாலும் மீன்குஞ்சும் வளருது, நம்ம மீனவர்கள் தோணியில வெளிநாட்டு ஆக்களைக் கூட்டிப்போய்ச் சம்பாதிக்கிறதும் அங்கதான். துணியைத் திறந்த வெளியில காய விட்டுக் குப்பையில போடுங்க. வண்டியைக் கானுக்குக் கிட்ட நிப்பாட்டாம, மண்தரையில நிப்பாட்டிக் கழுவுங்க.