பழைய காரின் ஆக்சிஜன் சென்சார்: மாற்றும் முன் சோதித்துப் பாருங்கள்

பழைய மைவி, வீரா கார் வைத்திருப்போர் பலர், மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிந்தாலும் "கார்தான் ஓடுகிறதே" என்று விட்டுவிடுகின்றனர். ஜோர்ஜ்டவுன் நெரிசலில் நின்று நின்று ஓடும் காருக்குத் திடீரெனப் பெட்ரோல் அதிகம் செலவானால், ஆக்சிஜன் சென்சாரும் காரணமாக இருக்கலாம்.

1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று தேவை. புகைக்குழாயில் திருகப்பட்டுள்ள இந்தச் சென்சார், எரிந்து வெளியேறும் புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளந்து எஞ்சின் கணினிக்குத் தெரிவிக்கிறது. அதற்கேற்பக் கணினி பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். 1976இல் வால்வோ கார்களில் முதலில் வந்த இக்கருவி, கார்புரேட்டர் கொண்ட பழைய சாகாவில் இருக்காது.

சென்சார் தவறான தகவல் தந்தால் பெட்ரோல் தேவைக்கு மேல் பாயும். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். அதை மாற்றும் செலவு சென்சாரைவிடப் பல மடங்கு.

ஆனால், ஸ்கேனர் காட்டும் எண்ணை மட்டும் நம்பிச் சென்சாரை மாற்றக்கூடாது. 'பி0135' என்றால் சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டரின் மின்சுற்றில் கோளாறு. ஃபியூஸ் எரிந்தாலும் வயர் அறுந்தாலும் இதே எண்தான் வரும். 'பி0171' என்றால் கலவையில் காற்று அதிகம். கிழிந்த வெக்குவம் குழாயோ, சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் உள்ள ஓட்டையோ காரணமாகலாம். 2017 நவம்பர் பினாங்கு வெள்ளம் போன்றதில் மூழ்கிய காரென்றால், வயர் இணைப்பில் பச்சை பூத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்து மல்டிமீட்டர். ஹீட்டரின் இரு முனைகளுக்கிடையே சில ஓம் மின்தடை காட்ட வேண்டும்; தொடர்பே இல்லையென்றால் ஹீட்டர் போய்விட்டது. எஞ்சின் நன்கு சூடானபின், கன்வர்ட்டருக்கு முன்னுள்ள சாதாரண வகைச் சென்சாரின் சிக்னல் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை விடாமல் ஏறி இறங்க வேண்டும். ஒரே அளவில் நின்றால் சந்தேகப்படலாம். ஏர்-ஃபியூவல் சென்சார் உள்ள கார்களுக்கு இக்கணக்கு பொருந்தாது.

சென்சார்தான் பழுது என்று உறுதியானால் காரின் மாடல், ஆண்டு, வயர் எண்ணிக்கை மூன்றையும் சொல்லி வாங்குங்கள். ஜேக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகக்கூடாது. ஸ்டாண்டு வைக்க வேண்டும். எஞ்சின் ஆறிய பின் மரையில் துருநீக்கி எண்ணெய் தெளித்து, சற்று ஊறவிட்டு, 22 மில்லிமீட்டர் சென்சார் சாக்கெட்டால் கழற்றலாம். புதியதைக் கையால் திருகி நேராக ஏற்றிய பிறகே இறுக்க வேண்டும். அதன் நுனியில் எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது. பின் எண்ணை அழித்து ஓட்டிப் பாருங்கள்.

பட்டறையில் செய்வதானால், "எந்த எண் வந்தது? வயரைச் சோதித்தீர்களா?" என்று கேளுங்கள். பணம் கொடுப்பவருக்கு அந்த உரிமை உண்டு.