சில்லுமூக்கும் பிரஷரும்

திருவனந்தபுரம் பழவங்காடி கணபதி கோயிலில் சிதறுகாய் உடையும் சத்தம் ஓயாது. அங்கே வெயிலில் நிற்கும் பெரியவர் ஒருவருக்குத் திடீரென்று மூக்கில் ரத்தம் வடிந்தால் என்ன நடக்கும்? ‘அண்ணாந்து பாருங்கள்’ என்பார் ஒருவர். உச்சந்தலையில் தண்ணீர் ஊற்ற ஓடிவருவார் இன்னொருவர். ‘நல்லவேளை, பிரஷர் மூக்கு வழியா போயிடுச்சு; மூளைக்கு ஏறலை’ என்பார் மூன்றாமவர். எனக்குப் பெரும் கவலை தருவது இந்த மூன்றாவது பேச்சுதான்.

மூக்கின் நடுச்சுவரில், விரல்நுனி எட்டும் இடத்தில், பல தமனிகளின் நுண்கிளைகள் பின்னிக் கிடக்கின்றன. ‘லிட்டில் பகுதி’ என்று அதற்குப் பெயர். மேலே போர்த்தியிருப்பது மெல்லிய சவ்வு மட்டும். சளி, வறட்சி, விரலால் நோண்டுவது என எது பட்டாலும் கிழியும். மூக்கில் வரும் ரத்தம் பத்துக்கு ஒன்பது தடவை இங்கிருந்துதான். பிரஷரே இல்லாத பிள்ளைகளுக்குச் சில்லுமூக்கு அடிக்கடி உடைவது இதனால்தான்.

மூக்கு, குக்கரின் விசில் போல அழுத்தத்தை வெளியேற்றும் வழி என்பது தவறு. சிந்திய ரத்தத்தால் பிரஷர் சீராகிவிடாது. ஆனால் இரண்டுக்கும் தொடர்பே இல்லையென்றும் சொல்ல முடியாது. தென்கொரியாவில் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஆய்வொன்றில், ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் மூக்கு ரத்தத்துக்காக மருத்துவமனைக்குப் போவது மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்காக இருந்தது. கொதிப்புதான் கசிவைத் தொடங்கிவைக்கிறதா என்பது இன்னும் முடிவாகவில்லை. நாள்பட்ட கொதிப்பால் கெட்டிப்பட்ட தமனி கசிந்தால் நிற்க நேரமாகும் என்பது மருத்துவர்கள் தரும் விளக்கம். ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ரத்தம் எளிதில் நிற்காது. பதற்றமே பிரஷரை ஏற்றிவிடும் என்பதால், அவசரப் பிரிவில் எடுத்த ஒரே அளவை வைத்து முடிவு கட்டக் கூடாது. பிறகு அமைதியாக இருக்கும்போது மறுபடி பார்க்க வேண்டும்.

அந்தப் பெரியவரை உட்காரவைத்து முன்பக்கம் குனியச் சொல்லுங்கள். அண்ணாந்தால் ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். மூக்கின் மிருதுவான பகுதியைப் பத்து, பதினைந்து நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும்; நின்றதா என்று நடுவில் விட்டுப் பார்க்க வேண்டாம். வாயால் மூச்சு விடட்டும். அரை மணி நேரமாகியும் நிற்காவிட்டால் மருத்துவமனைதான்.

திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனத்தைச் சேர்ந்த அச்சுத மேனன் மையம் 2016-17-இல் கேரளம் முழுக்க ஆய்வு செய்தது. வயதுவந்தோரில் பத்துக்கு மூவருக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது. அவர்களில் எட்டுக்கு ஒருவருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. பெரும்பாலோருக்கு மூக்கோ தலையோ எந்த அறிகுறியும் காட்டாது. முப்பது வயதைத் தாண்டியவரா நீங்கள்? இந்த வாரமே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் பார்த்துவிடுங்கள்.