பருமன் பேச்சும் பெண்களின் உடல் பிம்பமும்

'நான் எவ்வளவு குண்டாக இருக்கிறேன்!' என்று ஒருத்தி சொல்வதும், 'சேச்சே, நீயா குண்டு?' என்று தோழி மறுப்பதும் அமெரிக்க மாணவியரிடையே இயல்பான உரையாடல். அரிசோனாவில் பள்ளி மாணவியரிடையே களஆய்வு செய்த மானிடவியலாளர்கள் மிமி நிக்டரும் நான்சி வுக்கோவிச்சும் 1994-இல் இதற்கு இட்ட பெயரைத் தமிழில் 'பருமன் பேச்சு' எனலாம். ஒருவர் தம் உடலைப் பற்றி மனத்துள் கொண்டிருக்கும் தோற்றமும் மதிப்பீடுமே உடல் பிம்பம். அதற்கும் இப்பேச்சிற்கும் உள்ள உறவு எளிதானதன்று.

இக்கூற்றை எடை பற்றிய செய்தியாகக் கொள்வது பொருந்தாது. நிக்டரின் களத்தில் இவ்வாறு சொன்னோர் பலர் பருமனானவர் அல்லர்; சொன்னோர் எல்லாரும் உணவைக் குறைத்தவரும் அல்லர். மனவருத்தத்தை வெளியிடவும், ஆறுதல் பெறவும், மிகுதியாக உண்ணுமுன் மன்னிப்புக் கேட்பது போலவும் அது பயன்பட்டது. தன் தோற்றத்தைக் குறைகூறாதவள் தன்னை உயர்வாக நினைப்பவள் என்று எண்ணப்படவும் இடமிருந்தது. எனினும், உடல் பற்றிய பேச்சு எங்கும் ஒரே பொருள் தருவதில்லை. அதே ஆய்வுத்திட்டத்தில் ஆப்பிரிக்க-அமெரிக்க மாணவியர் எடையைக் காட்டிலும், உள்ளதைக் கொண்டு தம்மை எடுப்பாகக் காட்டும் திறனையே அழகாகப் பேசினர். தமிழில் 'இளைத்துவிட்டாயே' என்பது பெரும்பாலும் பாராட்டன்று, கவலை.

ரேச்சல் சால்க்கும் ரெனே எங்கெல்ன்-மேடாக்ஸும் அமெரிக்கக் கல்லூரி மாணவியரைப் பற்றி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றோருள் 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் இவ்வாறு பேசுவதாகத் தெரிவித்தனர். ஒருத்தி எத்தனை முறை குறைகூறுகிறாள் என்பதற்கும் அவளது உடல் நிறைக் குறியீட்டெண்ணுக்கும் தொடர்பு காணப்படவில்லை. உடல் மீதான நிறைவின்மையோடும், மிக மெலிந்த உடலே அழகு என்னும் கருத்தை ஏற்ற அளவோடுமே தொடர்பு இருந்தது. ஆயினும் பாதிக்கும் மேற்பட்டோர் இப்பேச்சால் தம் உடலைப் பற்றிய மனநிலை மேம்படுவதாக நம்பினர்.

இம்முரணுக்கான விளக்கத்தைத் தோழியின் மறுமொழியில் தேடலாம். 'நீ குண்டு இல்லை' என்னும் மறுப்பு அப்போதைக்குத் தேற்றுகிறது. குண்டாக இருப்பது இழிவு என்னும் முற்கோளை அது தொடுவதே இல்லை. 'என்னைப் பார், நான்தான் குண்டு' என்று அவள் தொடர்ந்தால் இருவருமே ஒப்பீட்டில் அகப்படுகின்றனர். புறநிலை அளவுகோல் இல்லாதவிடத்து மனிதர் பிறரோடு ஒப்பிட்டே தம்மை மதிப்பிடுவர் என 1954-இல் லியான் ஃபெஸ்டிங்கர் முன்வைத்த கோட்பாடு இங்குப் பொருந்துகிறது.

தொடர்பு இருப்பதனாலேயே பேச்சுதான் காரணம் என முடிவு செய்ய இயலாது. மனக்குறை உடையவரே மிகுதியாகப் பேசலாம். எரிக் ஸ்டைசும் உடனாய்வாளரும் 2003-இல் வெளியிட்ட சோதனை இவ்வையத்தை ஓரளவு தீர்க்கிறது. ஆய்வாளர்கள் முன்கூட்டியே ஏற்பாடு செய்த மெலிந்த பெண்ணொருத்தி, இளம்பெண்கள் சிலரிடம் தான் குண்டாக இருப்பதாகவும் எடையைக் குறைக்க எண்ணுவதாகவும் பேசினாள். வேறு சிலரிடம் தொடர்பற்ற பொருளைப் பேசினாள். முன்னவரிடம் உடல் மீதான நிறைவின்மை உயர்ந்தது, பின்னவரிடம் உயரவில்லை. குறைகூறியவள் மெலிந்தவள், நிறைவின்மை கூடியதோ கேட்டவரிடம்.